வீட்டுவசதிக்கு இவ்வளவு நிதி ஒதுக்கியும் காத்திருப்போர் பட்டியல் ஏன் குறையவில்லை?

கேள்வி இது: "அரசுகள் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சமூக வீட்டுவசதிக்கும் (அரசு உதவியோடு குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள்) மலிவு வீடுகளுக்கும் பெரிய தொகையை அறிவிக்கின்றன. ஆனாலும் விண்ணப்பித்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பணம் எங்கே போகிறது? வீடு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை?"

ஊழலையும் திறமைக் குறைவையும் ஓரமாக வைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன். அவை இல்லை என்பதால் அல்ல. அவை அறவே இல்லாத ஊரிலும் வரிசை நீளும் என்பதால். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அறிவிப்பில் வரும் தொகை எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்தப் பணம் எந்த வடிவில் வருகிறது, எத்தனை ஆண்டு தங்குகிறது என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். நிலத்தோடு சேர்த்து ஒரு வீட்டைக் கட்டி முடிக்க 100 பங்கு பணம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும் சரி. முழுத் தொகையையும் 6% வட்டிக்கு 30 ஆண்டுக் கடனாக வாங்கினால் ஆண்டுத் தவணை சுமார் 7.3 பங்கு. பராமரிப்பு, காப்பீடு, நிர்வாகம், பின்னாளில் லிஃப்ட்டும் கூரையும் மாற்றுவதற்காக எடுத்துவைக்கும் தொகை எல்லாம் சேர்ந்து ஒரு 1.5 பங்கு ஆகட்டும். யாரும் ஒரு காசு லாபம் எடுக்காமலேயே ஆண்டு வாடகை 8.8 பங்கு. ஆண்டுக்கு 8 பங்கு சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது மொத்த வருமானத்தையும் தாண்டிய தொகை.

இப்போது அரசு உதவிக்கு வருகிறது. நிலத்தை இலவசமாகத் தருகிறது. நிலத்தின் பங்கு 30 என்றால் கடன் 70 ஆகிவிடும். அந்தக் கடனையும் 2% வட்டியில் 50 ஆண்டுக்கு ஏற்பாடு செய்கிறது. தவணை 2.2 ஆக இறங்குகிறது. பராமரிப்புச் செலவு மட்டும் இறங்காது. அது அதே 1.5 தான். ஆக மொத்தம் 3.7. வருமானத்தில் 30% வரை வீட்டுக்குப் போகலாம் என்ற வழக்கமான அளவுகோலின்படி, 13 பங்கு சம்பாதிக்கும் குடும்பம் 3.9 வரை கொடுக்கலாம். அவர்களுக்கு இந்த வீடு கட்டுப்படியாகிறது. 8 பங்கு சம்பாதிக்கும் குடும்பத்தால் 2.4 தான் முடியும். மீதி 1.3 பங்கை ஒவ்வொரு ஆண்டும் வேறு யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மொத்தப் பிரச்சினையும் இந்த 1.3க்குள்தான் இருக்கிறது. நிலமும் மலிவுக் கடனும் கொடுத்தால் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே உள்ளவர்களுக்கு வீடு கிடைத்துவிடும். அரசு அதற்குமேல் ஆண்டுதோறும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அடிமட்ட வருமானக்காரருக்கு வீடு வேண்டுமென்றால், கட்டி முடித்து ரிப்பன் வெட்டிய பிறகும் பல பத்தாண்டுகள் செலவு தொடரும். முதல் வகையைக் கட்டிவிட்டு இரண்டாம் வகையையும் கட்டியதாகக் கணக்குக் காட்டுவதுதான் பெரும்பாலான அறிவிப்புகளில் நடக்கிறது. "சமூக மற்றும் மலிவு வீடுகள் இத்தனை ஆயிரம்" என்று இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்துச் சொன்னால், அதில் எத்தனை எந்த வகை என்று கேட்பதுதான் முதல் வேலை.

இங்கிலாந்தில் 2011இல் கொண்டுவந்த மாற்றம் இதற்கு நல்ல உதாரணம். கட்டுமான மானியத்தை வெட்டினார்கள். அதை ஈடுகட்ட, புது வீடுகளுக்குச் சந்தை வாடகையில் 80% வரை வசூலிக்கலாம் என்று ஒரு புது வகையை உருவாக்கினார்கள். அதற்கும் 'கட்டுப்படியாகும் வாடகை' என்றுதான் பெயர். சந்தை வாடகை மலையேறிக் கிடக்கும் லண்டனில் அதன் 80% யாருக்குக் கட்டுப்படியாகும்? அந்த வீட்டில் குடியேறிய ஏழைக் குடும்பத்துக்கு வாடகை உதவித்தொகை தேவைப்பட்டது. அதுவும் அரசுப் பணம்தான். கட்டும்போது மிச்சப்படுத்தியது மாதாமாதம் வேறு கணக்கில் வெளியே போனது.

அமெரிக்காவிலும் இதே இடைவெளி உண்டு, ஆனால் அது கண்ணில் படுவதில்லை. 1986இல் தொடங்கிய குறைந்த வருமான வீட்டுவசதி வரிச்சலுகைதான் இன்று அங்கே மலிவு வீடு கட்டுவதற்கான பிரதான வழி. அரசு நேரடியாகப் பணம் தருவதில்லை. கட்டுகிறவருக்கு 10 ஆண்டுக்கு வரிக்கழிவு தருகிறது. அவர் அதை முதலீட்டாளர்களிடம் கொடுத்து முன்கூட்டியே மூலதனம் திரட்டுகிறார். இந்த வீடுகளின் வாடகை உச்சவரம்பு அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. குடியிருப்பவர் தனிப்பட்ட முறையில் என்ன சம்பாதிக்கிறார் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. அவருக்கு வேலை போனாலும் வாடகை இறங்காது. பழைய பொதுக் குடியிருப்புகளில் அப்படியில்லை. அங்கே குடும்பத்தின் வருமானத்தில் 30% தான் வாடகை. 'மலிவு வீடு கிடைத்தது, ஆனாலும் வாடகை கட்ட முடியவில்லை' என்று ஒருவர் சொன்னால் அது முரண் இல்லை. இந்த வித்தியாசம்தான் காரணம்.

சரி, பணம் என்னென்ன வடிவில் வருகிறது? மானியம், கடன், வரிச்சலுகை, வாடகை உதவி, நிலம், திட்ட அனுமதியின்போது போடும் நிபந்தனை என்று பல. எல்லாவற்றையும் விரிக்க வேண்டாம். கடனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் 'உண்மையான உதவி இல்லை' என்று தள்ளிவிடுகிறார்கள்.

மேலே போட்ட கணக்கில் வட்டியும் காலமும் செய்த வேலையைப் பாருங்கள். கட்டுமானச் செலவு ஒரு காசு குறையவில்லை. ஆனாலும் 100 பங்குக் கடனின் தவணை 7.3இலிருந்து 3.2 ஆகிவிடும், நிலத்தை இலவசமாகத் தராமலேயே. பிரான்ஸ் இதைப் பெரிய அளவில் செய்கிறது. அங்கே சாதாரண மக்கள் போடும் 'லிவ்ரே ஆ' என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் பணத்தில் பெரும்பகுதி ஒரு பொது நிதி நிறுவனத்துக்குப் போகிறது. அது சமூக வீட்டுவசதி அமைப்புகளுக்கு 40 ஆண்டுக் கடன் தருகிறது. நிலம் வாங்க அதைவிட நீண்ட கடன். கடனுக்கு நகராட்சி உத்தரவாதம் தரும். பதிலுக்கு வீடுகளில் ஒரு பகுதிக்கு ஆளைப் பரிந்துரைக்கும் உரிமை அதற்குக் கிடைக்கும். நெதர்லாந்தில் அரசு நேரடியாகப் பணமே போடாமல், 1983இல் அமைத்த உத்தரவாத நிதியத்துக்குப் பின்னால் நிற்கிறது. அரசு பின்னால் நிற்கிறது என்றாலே வங்கிகள் வட்டியைக் குறைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சமூக வாடகை வீடுகளின் பங்கு அங்கேதான் அதிகம். மொத்த வீடுகளில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

ஆஸ்திரியாவில் சம்பளத்திலிருந்து பொதுவாக 1% வீட்டுவசதிக்கென்று பிடிக்கப்படுகிறது. தொழிலாளி பாதி, முதலாளி பாதி. இதன் பெரிய பலம் தொகையைவிட அதன் தொடர்ச்சி. அடுத்த ஆண்டும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு வீட்டுவசதி அமைப்பு நிலம் வாங்கும், பொறியாளர்களை வைத்துக்கொள்ளும். ஓராண்டு கொட்டிக் கொடுத்து அடுத்த மூன்றாண்டு கையை விரிக்கும் அரசின் கீழ் யாரும் அப்படித் திட்டமிட முடியாது. கனடாவின் மத்திய அரசு 1993இல் புதிய சமூக வீடுகளுக்கான நிதியை நிறுத்தியது. 2017இல் தேசிய வீட்டுவசதித் திட்டத்தோடு பெரிய அளவில் திரும்பி வந்தது. நடுவில் கட்டாமல் விட்ட வீடுகளை எந்தப் புது அறிவிப்பும் ஒரே மூச்சில் ஈடுகட்டிவிட முடியாது.

இதை உணர்ந்துதான் ஆஸ்திரேலியா 2023இல் 1,000 கோடி டாலர் நிதியம் ஒன்றை அமைத்தது: மூலத் தொகையை முதலீடு செய்துவிட்டு, அதன் வருமானத்திலிருந்து வீட்டுவசதிக்குக் கொடுப்பது, முதல் 5 ஆண்டில் 30,000 வீடுகள் இலக்கு. வீடுகளை நடத்தும் அமைப்புகளுக்கு 25 ஆண்டுவரை தொடர்ந்து ஒரு தொகை கிடைக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. நான் சொன்ன 1.3ஐ நிரப்பும் முயற்சி இது. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை நம்பி வீட்டுவசதியை நடத்தலாமா என்று அங்கே சண்டை போட்டார்கள், கவலை நியாயமானதுதான். ஆனால் ஆண்டுக்காண்டு நிதியமைச்சரின் மனநிலையை நம்பி நடத்துவதைவிட இது மோசமில்லை என்பது என் கணிப்பு.

அப்புறம், 'வீடு கட்டுவது அரசின் வேலை இல்லை, வாடகைக்குப் பணம் கொடுத்துவிட்டால் மக்களே தேடிக்கொள்வார்கள்' என்ற வாதம். இதில் உண்மை உண்டு. பணம் உடனே போய்ச் சேரும். குடும்பம் பிடித்த பகுதியில் வசிக்கலாம். ஏழைகளை ஒரே இடத்தில் குவிக்கும் சிக்கல் வராது. ஆனால் காலி வீடுகளே இல்லாத நகரத்தில் பத்துப் பேர் கையில் கூடுதல் பணம் கொடுத்தால், அதில் ஒரு பகுதி வாடகை உயர்வாக வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும். அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் என்ற சீட்டு) முறையைப் பாருங்கள். வவுச்சர் கைக்கு வந்ததும் குறிப்பிட்ட காலத்துக்குள், குறைந்தது 60 நாள், வீடு தேடிக்கொள்ள வேண்டும். வவுச்சரை ஏற்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் மறுப்பதை அந்நாட்டு மத்திய சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. சில மாநிலங்களும் நகரங்களும்தான் தடுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்த வவுச்சர், வீடு கிடைக்காமல் காலாவதியாகிப் போவது அங்கே அடிக்கடி நடக்கிறது. இதைவிட அடிப்படையான விஷயம் ஒன்றும் உண்டு: தகுதியுள்ள குடும்பங்களில் சுமார் நான்கில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவி எந்த வடிவிலாவது கிடைக்கிறது. முதியோர் ஓய்வூதியம் போலத் தகுதி இருந்தாலே கிடைத்துவிடும் உரிமையாக அது இல்லை, பணம் இருக்கும்வரைதான். தகுதியும் உரிமையும் வேறு வேறு என்பதை விண்ணப்பிக்கிறவர் முதலிலேயே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

இப்போது காலத்துக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் 1980களின் இறுதியில், மேற்குப் பகுதியில் மட்டும், சுமார் 40 லட்சம் சமூக வாடகை வீடுகள் இருந்தன. இன்று ஒன்றுபட்ட நாடு முழுவதுமே சுமார் 11 லட்சம். யாரும் இடிக்கவில்லை. அங்கே விதி இப்படி: தனியார் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ யாராக இருந்தாலும் மலிவுக் கடன் வாங்கிக் கட்டலாம், கடன்காலம் வரை, அல்லது ஒப்பந்தத்தில் உள்ள ஆண்டுகள் வரை, குறைந்த வாடகைக்கு விட வேண்டும். காலம் முடிந்ததும் அது சாதாரணச் சந்தை வீடு. ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுவதைவிட அதிகமான வீடுகள் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே போயின. அரசு பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது, இருப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்திரேலியாவில் 2008இல் வந்த ஒரு வாடகைச் சலுகைத் திட்டமும் 10 ஆண்டு ஊக்கத்தொகை கொண்டது; பத்தாண்டு முடிந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சந்தை வாடகைக்குத் திரும்பின.

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. 1980 சட்டம் நகராட்சி வீட்டில் குடியிருப்பவருக்கு அதைப் பெரிய தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் அப்படிப் போயின. வாங்கிய குடும்பங்களுக்கு அது நிஜமான நன்மை. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் விற்ற பணத்தில் முழுதாகப் புது வீடு கட்ட நகராட்சிகளை விடவில்லை. பெரும்பகுதி பழைய கடனுக்குப் போனது. அப்படி விற்ற வீடுகள் பலவும் பின்னர் கைமாறி, தனியார் வாடகைக்கு வந்து, அவற்றில் குடியிருக்கும் ஏழைகளுக்கு அரசே வாடகை உதவி கொடுக்கும் நிலை வந்தது. தானே கட்டி, தானே தள்ளுபடியில் விற்று, பிறகு அதே வீட்டுக்குத் தானே வாடகை கட்டுவது! ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இந்த உரிமையை ரத்து செய்தன.

இதற்கு நேர்மாறாக டென்மார்க் செய்திருக்கிறது. அங்கே சமூக வீட்டுவசதிக் குடியிருப்பின் கடன் 30, 40 ஆண்டில் அடைந்த பிறகும் குடியிருப்போர் கட்டும் தொகை குறையாது. அந்தப் பணம் 1967இல் அமைத்த ஒரு தேசிய நிதியத்துக்கும் புதுக் கட்டுமானத்துக்கும் போகிறது; பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் செலவு அதிலிருந்து கிடைக்கிறது. தாத்தா கட்டிய வாடகையில் பேரன் காலத்துக் கூரை மாறுகிறது. அரசு மாறினாலும் இது ஓடும் என்பது இதன் அழகு. ஆளுக்கொரு அரசு வந்து அந்த நிதியத்தில் கைவைக்கப் பார்த்ததும் உண்டு. சேர்ந்த பணம் இருக்கும் இடத்தில் அது தவிர்க்க முடியாதது.

வியன்னாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1923இல் அந்த நகராட்சி வீடுகளின் மேல் ஒரு வரி போட்டது. சிறு வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்குக் கடுமை. அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. இன்று நகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள். மானியம் பெற்ற, லாபத்துக்கு வரம்பு உள்ள வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவற்றில் வசிக்கிறார்கள். பலர் இதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: அவர்கள் விற்கவில்லை, அவ்வளவுதான். ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் வரிப் பணத்திலேயே கட்டிய கட்டடத்தில் இன்று பராமரிப்புச் செலவு மட்டுமே மிச்சம். என் கணக்கில் 7.3 சுழியமாகி, 1.5 மட்டும் நிற்கும் நிலை அது. 2018இல் இன்னொரு விதியும் கொண்டுவந்தார்கள்: குடியிருப்புக்கென்று புதிதாக வகைமாற்றும் பெரிய நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும். நிலவிலை ஏறுவதற்கு முன்பே கடிவாளம் போடுவது இது. பிரான்ஸில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிகளுக்கு 20% சமூக வீடு இருக்க வேண்டும் என்றது, 2013இல் பல இடங்களுக்கு 25% ஆக்கியது. அபராதம் கட்டிவிட்டு ஒதுங்கும் பணக்காரப் புறநகர்கள் இன்றும் உண்டு.

பராமரிப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த புரூயிட்-ஐகோ. 11 மாடியில் 33 கட்டடங்கள்; 1954இல் குடியேற்றம் தொடங்கியது; 1972இல் இடிப்பு தொடங்கிவிட்டது. கட்டும் பணத்தை மத்திய அரசு தந்தது. நடத்தும் செலவை வாடகையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. நகரத்தில் மக்கள்தொகை குறைந்தது, வீடுகள் காலியாயின, வாடகை வரவு சுருங்கியது, லிஃப்ட்டைச் சரிசெய்யப் பணமில்லை, அதனால் இன்னும் பலர் வெளியேறினார்கள். கட்டடக்கலை தோற்றது என்று பலகாலம் எழுதினார்கள். வடிவமைப்பிலும் குறைகள் இருந்தன; ஆனால் வருமானம் விழுந்த பிறகும் செலவை வாடகையின் தலையில் கட்டிய விதி அதைவிடப் பெரிய காரணம்.

சொந்த வீடாகவே கொடுத்துவிட்டால் பராமரிப்புத் தலைவலி அரசுக்கு இல்லையே என்று தோன்றும். லத்தீன் அமெரிக்கா அந்த வழியில் நெடுந்தூரம் போனது. மெக்சிகோவில் சம்பளத்தில் 5% அளவுக்கு முதலாளிகள் கட்டும் பணத்தில் ஒரு பெரிய வீட்டுக்கடன் நிதியம் 1972இலிருந்து நடக்கிறது. 2000க்குப் பிறகு லட்சக்கணக்கில் வீடுகள் எழும்பின. எங்கே? நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில், வேலைக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும் தூரத்தில். 2010 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 50 லட்சம் வீடுகளில் யாரும் வசிக்கவில்லை என்று தெரிந்தது. எல்லாமே இந்தத் திட்ட வீடுகள் இல்லை, ஆனால் கைவிட்டுப் போன கடன் வீடுகள் அதில் ஏராளம். சிலியின் இக்கிகே நகரில் 2004இல் கட்டிய கின்டா மொன்ராய் குடியிருப்பு இதற்கு ஒரு மாற்று. குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம், நிலத்தையும் சேர்த்து. அந்தத் தொகைக்கு ஊருக்கு வெளியே முழு வீடு கிடைக்கும். அவர்கள் ஏற்கெனவே வசித்த நடு நகரிலேயே பாதி வீடு கட்டிக் கொடுத்து, மீதிப் பாதியைக் குடும்பமே மெல்லக் கட்டிக்கொள்ளும்படி இடம் விட்டார்கள். பாதி வீடா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நல்ல இடத்தில் பாதி வீடு, தொலைவில் உள்ள முழு வீட்டைவிட மதிப்பு ஏறும் என்பது பின்னர் தெரிந்தது.

சிங்கப்பூரைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். பத்தில் எட்டுப் பேர் அளவில் அரசு அடுக்ககங்களில் வசிக்கிறார்கள், பெரும்பாலோர் 99 ஆண்டுக் குத்தகை உரிமையோடு. 1966இன் நிலமெடுப்புச் சட்டமும், 1968இலிருந்து கட்டாயச் சேமிப்பு நிதியை வீட்டுக்குப் பயன்படுத்த விட்டதும் இல்லாமல் அது நடந்திருக்காது. நிலத்தையும் சேமிப்பையும் அப்படிக் கையில் வைத்திருக்காத நாடு அதன் கட்டடங்களை மட்டும் பார்த்து நகலெடுக்க முடியாது. இந்தியாவின் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நகர்ப்புறத்தில் மிகப் பெரிய பங்கு, சொந்த நிலத்தில் வீடு கட்டிக்கொள்கிறவர்களுக்கான பிரிவுக்குப் போனது. நிலம் இல்லாமல் வாடகையில் இருப்பவருக்கு அந்தப் பிரிவில் இடமே கிடையாது. குற்றமாகச் சொல்லவில்லை, மானியம் எந்த வடிவில் வருகிறதோ, அந்த வடிவத்துக்குப் பொருந்துகிறவர்தான் பயனாளியாகிறார்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, யாருக்குக் கிடைக்கிறது என்பது. வரிசை ஒன்றுதான் என்று நினைப்போம். உண்மையில் ஒவ்வொரு ஊரும் வரிசையை வேறு மாதிரி அமைக்கிறது. பதிவு செய்த தேதிப்படி போவது ஒன்று: ஆம்ஸ்டர்டாமில் 2023 வரை இப்படித்தான் இருந்தது, பத்தாண்டுக்கும் மேல் ஆனது. இளம் வயதிலேயே பெயரைப் பதிந்து வைத்தவருக்கு லாபம். வெளியூரிலிருந்து நேற்று வந்தவருக்கும், திடீரென்று வீடு இழந்தவருக்கும் கடினம். தேவைக்கேற்பப் புள்ளிகள் கொடுப்பது இன்னொன்று: வீடற்ற நிலை, நோய், நெரிசல், வன்முறையிலிருந்து தப்பி வந்தது. நியாயமாகத் தெரியும். ஆனால் வீடுகள் குறைவாக இருந்தால் மிக மோசமான நிலையில் உள்ளவர் மட்டுமே உள்ளே வருவார். கடைநிலைக்குச் சற்று மேலே உள்ளவர் நிரந்தரமாக இரண்டாவது இடத்தில் நிற்பார். குலுக்கல் மூன்றாவது, அதில் தகுதியை யாரும் திரித்துப் பேச முடியாது என்ற ஒரே நன்மை உண்டு.

வருமான வரம்பு எங்கே வைப்பது என்பதில் இரண்டு எதிரெதிர் வழிகள். ஹாங்காங்கில் பொது வாடகை வீட்டில் 10 ஆண்டு இருந்தவர் தன் வருமானத்தை அறிவிக்க வேண்டும்; அதிகமாக இருந்தால் கூடுதல் வாடகை, மிக அதிகமாக இருந்தால் வெளியேற வேண்டும். அங்கே சராசரிக் காத்திருப்பு மூன்றாண்டு என்பது இலக்கு. சமீப ஆண்டுகளில் ஐந்து, ஆறு ஆண்டாக இருந்தது. இடநெருக்கடி அப்படி. வியன்னாவில் வரம்பே உயரம். அதையும் உள்ளே நுழையும்போது மட்டும்தான் பார்ப்பார்கள். சம்பளம் ஏறினால் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். 'வசதியானவர் மானிய வீட்டில் இருக்கலாமா' என்ற கேள்வி அங்கும் கிளம்பும். அதற்கான பதில்: சம்பளம் ஏறியவரையெல்லாம் வெளியேற்றினால் குடியிருப்பில் ஏழைகள் மட்டும் மிஞ்சுவார்கள், வாடகை வரவு சுருங்கும், அப்புறம் அந்த இடத்துக்குக் குரல் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கையில் எத்தனை வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எது சரி என்று சொல்ல முடியும். நிறைய வைத்திருக்கும் நகரம் தாராளமாக இருக்கலாம்.

சட்டத்தில் உரிமை எழுதிவிட்டால் போதுமா? பிரான்ஸில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னுரிமைக்காரர் என்று குழு ஏற்றுக்கொண்டவருக்கு வீடு தராவிட்டால் அரசின் மீது நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். பலர் போய் வென்றிருக்கிறார்கள். வென்ற பிறகும் வீடு இல்லாமல் காத்திருப்போர் உண்டு, குறிப்பாகப் பாரிஸ் வட்டாரத்தில். தீர்ப்பால் வீடு கட்ட முடியாதுதான். ஆனாலும் அரசு எதைச் செய்யத் தவறியது என்பதைப் பதிவாக்கும் வேலையை அது செய்கிறது. பின்லாந்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2008இலிருந்து, குடிப்பழக்கத்தை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு என்ற படிக்கட்டு முறையைக் கைவிட்டு, வீடற்றவருக்கு முதலில் சாதாரண வாடகை ஒப்பந்தத்தோடு வீடு கொடுத்தது. வீடற்றோர் எண்ணிக்கை பல ஆண்டு தொடர்ந்து இறங்கியது. இதைக் கொள்கையின் வெற்றியாக மட்டும் சொல்கிறார்கள். கொடுப்பதற்குக் கையில் வீடுகள் இருந்தன, 1985இலிருந்து ஓர் அறக்கட்டளை அடுக்ககங்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நீங்களே விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டிலும் பொருந்தும் சில விஷயங்கள். ஒரே பட்டியல் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நகராட்சி, வீட்டுவசதிச் சங்கம், கூட்டுறவு என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். டென்மார்க்கில் 15 வயதிலேயே பெயர் பதியலாம், வருமான வரம்பும் இல்லை; அப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கும் ஊரில் தேவை வருமுன்பே பதிந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். முகவரி, தொலைபேசி எண், குடும்பத்தில் புதுப் பிறப்பு, பிரிவு எதுவானாலும் உடனே தெரிவியுங்கள். பட்டியலிலிருந்து பெயர் நீங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராததுதான். நோயோ மாற்றுத்திறனோ இருந்தால் மருத்துவச் சான்றில் நோயின் பெயர் மட்டும் போதாது. இப்போதைய வீடு அதை எப்படி மோசமாக்குகிறது என்பதையும் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள், புள்ளி அதற்குத்தான். வந்த வீட்டை எத்தனை முறை மறுக்கலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள். ஹாங்காங்கில் மூன்று முறை வாய்ப்பு, வேறு இடங்களில் ஒன்றே இருக்கலாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. வரிசையைத் தாண்டித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

வீடு கிடைத்துவிட்டது, கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்ற நிலையில் இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. வாடகை உங்கள் வருமானத்தை ஒட்டியதா, கட்டடத்தின் செலவை ஒட்டியதா, சந்தையின் சதவீதமா? வருமானம் விழுந்தால் வாடகையும் விழுமா என்பது இதில் தெரிந்துவிடும். இரண்டாவது, இந்தக் கட்டடத்தின் மலிவு வாடகைக் கட்டுப்பாடு எந்த ஆண்டோடு முடிகிறது? 20 ஆண்டு ஒப்பந்தத்தின் 17ஆம் ஆண்டில் குடிபோகிறவருக்குக் கையில் இருப்பது மூன்றாண்டுதான். அந்த மூன்றாண்டிலும் வேறு பட்டியல்களில் உள்ள பெயரை எடுக்காமல் வைத்திருங்கள்.